இடுக்கில் துளை போடுபவர்கள் பேசுகிறோம்: ரைட் ஆங்கிள் டிரில் அனுபவங்கள்

எலக்ட்ரீஷியன்

ரைட் ஆங்கிள் டிரில் என்றால் தலை உடலுக்குச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும் துளையிடும் மிஷின். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்பதைத்தான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் துளை போடும் இடுக்கின் அளவு என்ன? பிட் (துளைக்கும் முனை) சிக்கிக்கொண்டால் மிஷின் எந்தப் பக்கம் திரும்பும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. அவரவர் வேலையில் பார்த்ததைச் சொல்லுங்கள், நான் என்னுடையதில் தொடங்குகிறேன்.

மரச்சட்டம் வைத்துக் கட்டிய சுவர்களில் வயர் இழுப்பது என் வேலை. சட்டங்கள் பெரும்பாலும் மையத்துக்கு மையம் 16 அங்குலத்தில் நிற்கும். ஒரு சட்டத்தின் தடிமன் 1½ அங்குலம். அதைக் கழித்தால் நடுவில் கிடைப்பது 14½ அங்குலம், அதாவது 368 மி.மீ. இந்த இடைவெளிக்குள் சாதாரண டிரில்லையும் பிட்டையும் நேராக நிறுத்தி, பின்னாலிருந்து அழுத்தவும் இடம் வேண்டும். அது நடக்காது. அதனால் எல்லோரும் மிஷினைச் சாய்த்துப் பிடிப்பார்கள், துளையும் சாய்வாகத்தான் விழும். பிறகு வயரை இழுக்கும்போது ஒவ்வொரு சட்டத்திலும் முட்டி நிற்கும், மேலுறை உரசும். ஒரு பெரிய வீட்டில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அப்படிச் சாய்த்துப் போட்ட துளைகளில் வயர் இழுக்க இரண்டு பேர் திணறினோம். பக்கத்து அறையில் ரைட் ஆங்கிள் டிரில்லால் துளைகளை ஒரே கோட்டில் போட்டோம். அங்கே ஒரே ஆள் இழுத்து முடித்துவிட்டார்.

வாங்கும் முன் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். தலையின் பின்புறத்திலிருந்து சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) நுனி வரை அளந்து, பிட் வெளியே நீளும் அளவையும் கூட்டுங்கள். தலை 110 மி.மீ., பிட் 165 மி.மீ. என்றால் மொத்தம் 275. மேலே சொன்ன 368-க்குள் தாராளமாக நுழையும். அதே மிஷினில் 18 அங்குல ஆகர் பிட்டை (மரத்துக்கான திருகு வடிவ பிட்) மாட்டினால் நுழையவே நுழையாது. தலை எவ்வளவு சின்னது என்று விளம்பரத்தில் போடுவார்கள், ஆனால் கணக்குக்கு வேண்டியது பிட்டோடு சேர்ந்த நீளம்.

பிளம்பர்

அண்ணன் சொன்ன இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வேலையில் அதுதான் கையைக் காப்பாற்றும் விஷயம்.

2 அங்குலக் கழிவுநீர்க் குழாயின் வெளிவிட்டம் சுமார் 60 மி.மீ. அதற்கு 65 மி.மீ. துளை வேண்டும். இந்த அளவுக்கு செல்ஃப் ஃபீட் பிட் போடுவோம். நடுவில் இருக்கும் திருகு மரத்துக்குள் தானே இழுத்துக்கொண்டு போகும், நாம் அழுத்த வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அதே திருகுதான் ஆபத்தும். ஆணியிலோ கடினமான முடிச்சிலோ பல் மாட்டினால் பிட் நின்றுவிடும், மோட்டார் நிற்காது. பிட் திரும்ப முடியாததால் மிஷின் திரும்பும்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. சட்டத்துக்கும் மிஷினுக்கும் நடுவில் மணிக்கட்டு சிக்கி, பல நாள் அந்தக் கையால் பாரம் தூக்க முடியவில்லை. அனுபவசாலி, கவனமான ஆள். அந்த மிஷினில், பிட் சிக்கினால் முறுக்கை நிறுத்தும் கிளட்ச் கிடையாது, பக்கக் கைப்பிடியும் கழன்று எங்கேயோ கிடந்தது.

மிஷின் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிட்டின் பின்னால் நின்று துளை போகும் திசையைப் பார்த்தால் பிட் கடிகார திசையில் சுற்றும், சிக்கினால் உடல் அதற்கு எதிர்த்திசையில் போகும். சுவரைப் பார்த்து நிற்கிறீர்கள், மிஷினின் வால், அதாவது பின்முனை, உங்களை நோக்கி இருக்கிறது என்று வையுங்கள். வலப்பக்கச் சட்டத்தில் துளை போடும்போது சிக்கினால் வால் மேலே எகிறும், நேராக முகவாய்க்கு. இடப்பக்கச் சட்டத்தில் போடும்போது கீழே இறங்கும். அதனால் வலப்பக்கம் துளைக்கும்போது தலையை வாலுக்கு நேர் மேலே வைக்கவே கூடாது. இடமிருந்தால் வாலை முதலிலேயே அது போகப்போகும் பக்கத்தில் இருக்கும் ஒரு சட்டத்தில் சாய்த்து வைத்துவிடுங்கள். உதையைச் சட்டம் வாங்கிக்கொள்ளும், கைக்கு வராது. ரிவர்ஸில் ஓட்டும்போது இதெல்லாம் தலைகீழ் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உதை எவ்வளவு என்று ஒரு கணக்கு. மிஷின் 80 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கிறது, உங்கள் கை பிட்டின் அச்சிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், கையில் வரும் விசை 200 நியூட்டன், ஏறக்குறைய 20 கிலோ. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 40 கிலோ. அதனால் உடல் நீளமாக இருப்பது குறை இல்லை. பெரிய துளைக்கு நீளமான உடல்தான் வேண்டும்.

கிளட்ச் இல்லாத மிஷினை பெரிய பிட்டுக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிவால்ட் கம்பெனியின் சில பேட்டரி மிஷின்களில் மோட்டார் திடீரென்று தடைபடுவதை உணர்ந்து நிறுத்தும் மின்னணு கிளட்ச் வருகிறது. வேறு சிலவற்றில் இயந்திர கிளட்ச் இருக்கும், ஆனால் அது குறைந்த கியரில் மட்டும் வேலை செய்யும். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. மில்வாக்கி ஹோல் ஹாக் மாதிரி மிஷின்களில் 300, 1200 என்று நிமிடச் சுற்று இரண்டு கியராக இருக்கும். 65 மி.மீ. பிட் 300-ல் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு சுமார் 1 மீட்டர் வேகத்தில் போகும். 1200-ல் 4 மீட்டர். அந்த வேகத்தில் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் ரம்ப பிட்) மரத்தைக் கருக்கும், புகை வரும், பல் மழுங்கும். பெரிய துளை என்றால் குறைந்த கியர்தான்.

அலமாரி வேலை செய்யும் ஆசாரி

மேலே பேசியதெல்லாம் பெரிய மிஷின். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மாட்டிவைத்த சமையலறை அலமாரிக்குள் கையை விட்டு, கீலுக்கும் தட்டுக்கும் துளை போடுகிறவன் நான். எனக்குத் தேவை 10 மி.மீ. சக் உள்ள, உள்ளங்கை அளவு தலை கொண்ட சின்ன ரகம்.

ஒருமுறை அவசரத்துக்குப் பிளம்பர் நண்பரின் பெரிய மிஷினை வாங்கி இரும்புப் பட்டையில் துளை போட்டேன். 1200-க்கு மேல் போகவில்லை, 3 மி.மீ. பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. சாதாரண இரும்பில் ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் போக வேண்டும். 10 மி.மீ. பிட்டுக்கு அது 800 சுற்று, 6 மி.மீ. பிட்டுக்கு 1300, 3 மி.மீ. பிட்டுக்கு 2600-க்கு மேல். சின்ன துளைக்கு வேகம், பெரிய துளைக்கு முறுக்கு. இரண்டையும் ஒரே மிஷினில் எதிர்பார்த்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

தகடு வேலை செய்பவர்

ஆசாரி சொல்வது சரி. அதையும் தாண்டி இடுக்கான இடம் உண்டு. விமான உடற்பகுதி வேலையில் சக்கே இல்லாத ரைட் ஆங்கிள் டிரில்களைப் பார்க்கலாம். காற்றில் ஓடும். பிட்டின் அடியில் ¼-28 மரை (கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று) வெட்டியிருக்கும், நேராகத் தலைக்குள் திருகிவிடுவார்கள். சக்கின் உயரம் மிச்சம், தலை விரல் நுழையும் இடத்திலும் நுழையும். வீட்டு வேலைக்கு இது தேவையில்லை. ஆனால் இடம்தான் மிஷினைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் பார்த்ததில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்

என்னிடம் நல்ல பேட்டரி டிரில் இருக்கிறது. அதன் முன்னால் மாட்டும் ரைட் ஆங்கிள் இணைப்பு போதாதா அண்ணா?

எலக்ட்ரீஷியன்

தம்பி, எப்போதாவது ஒரு திருகோ சின்ன துளையோ என்றால் தாராளமாகப் போதும். நானும் பையில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அது தாங்கும் முறுக்குக்கு எல்லை உண்டு, பெட்டியில் போட்டிருப்பார்கள். 25 மி.மீ. ஆகரை நாள் முழுக்க ஓட்டினால் உள்ளே இருக்கும் சின்ன கியர் பல் தேயும், தலை ஆட ஆரம்பிக்கும். இன்னொன்று, இணைப்பை மாட்டியதும் டிரில்லின் முழு நீளமும் பக்கவாட்டில் நிற்கும், அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஏணியில் நிற்கிறவனுக்கு அது சங்கடம். தினமும் துளை போடுவதுதான் உங்கள் சம்பாத்தியம் என்றால் தனி மிஷினாகவே வாங்குங்கள்.

பிளம்பர்

ஏணி என்றதும் எடை ஞாபகம் வருகிறது. கடையில் இடுப்பு உயரத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேட்டரியை மாட்டி, தலைக்கு மேலே தூக்கி, கூரை உத்தரத்தில் துளை போடுவது போல ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். பெரிய பேட்டரி வாலில் இருப்பதால் பாரம் முழுதும் பின்னால் இழுக்கும். ஸ்விட்சையும் அப்போதே பாருங்கள். மிஷினை இடுக்குக்கு ஏற்றபடி நான்கு விதமாகப் பிடிக்க வேண்டிவரும். எப்படிப் பிடித்தாலும் விரல் உடனே ஸ்விட்சை விட முடிய வேண்டும். விரலை எடுத்தாலும் ஓடும்படி லாக் போட்டு ஓட்டும் வசதியைப் பெரிய பிட்டோடு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

வயரா பேட்டரியா என்றால், ஒரே நாளில் ஒரு மாடி முழுக்கப் பெரிய துளை போடுகிறவருக்கு வயர் மிஷின் இன்னும் நல்ல துணை. கரண்ட் இணைப்பு வராத புதுக் கட்டிடத்தில் பேட்டரி இல்லாமல் முடியாது. ஏற்கெனவே கையிலிருக்கும் பேட்டரிகள் எந்த வகை என்பதும் கணக்கில் வரும்.

ஆசாரி

சக் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாவி போட்டு இறுக்கும் சக் என்றால் மூன்று துளையிலும் சாவியைப் போட்டு இறுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிட் வழுக்கும், தண்டில் வரி விழும். வட்டத் தண்டைவிட அறுகோணத் தண்டு உள்ள பிட் நல்லது, சக்கின் தாடைகள் தட்டையான முகங்களில் உட்காரும்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்

நன்றி. எனக்கு முக்கால்வாசி வேலை சட்டங்களில் 20, 25 மி.மீ. துளைதான். அப்படியானால் இரண்டு கியர், 13 மி.மீ. சக், கிளட்ச், பக்கக் கைப்பிடி. சரியா?

எலக்ட்ரீஷியன்

சரி. அதோடு குட்டையான ஆகர் பிட் ஒன்றும் வாங்கிவிடுங்கள். முதல் துளையை இடப்பக்கச் சட்டத்தில் போட்டுப் பாருங்கள், வால் கீழ்ப்பக்கம் அழுத்துவது கைக்குத் தெரியும். பழகியபின் வலப்பக்கம் போங்கள்.