‘சீ டினையல்’: கடல்தடுப்பா, கடல்மறிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எதிரி ஒரு கடற்பரப்பைப் பயன்படுத்த முடியாதபடி செய்வதைப் போரியலில் ‘சீ டினையல்’ (sea denial) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கடல்தடுப்பு’ என்று ஐயா ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். சொல்ல எளிதுதான். ஆனால் கேட்டதும் அலைத்தடுப்புச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. கடல் முற்றுகையோடும் குழம்பும். முற்றுகையிடுபவரின் கப்பல்கள் கடலில் நிற்க வேண்டும். இங்கேயோ, கப்பலே இல்லாதவர்கூட அடுத்தவர் கப்பலை நடமாட விடாமல் செய்துவிட முடிகிறது.

2022இல் ரஷ்யா படையெடுத்த தொடக்க நாட்களில் உக்ரைன் தன்னிடமிருந்த ஒரே ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலை, ரஷ்யர் கையில் சிக்கக் கூடாதென்று, மிக்கொலாயிவில் தானே மூழ்கடித்தது. ஏப்ரல் 14 அன்று ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மஸ்க்வா மூழ்கியது. கரையிலிருந்து ஏவிய இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கின என்றது உக்ரைன்; தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது என்றது ரஷ்யா. 186 மீட்டர் நீளக் கப்பல் போனது பெரிய இழப்புதான். அதைவிடப் பெரியது, அதிலிருந்த எஸ்-300எஃப் வான்காப்பு ஏவுகணைகள் போனது. அந்தக் காப்பு போனதும் மற்றக் கப்பல்கள் உக்ரைன் கரையை விட்டு விலகின. மாற்றுக் கப்பலும் வரவில்லை. அதே வகையைச் சேர்ந்த வர்யாக், மார்ஷல் உஸ்தினோவ் இரண்டும் மத்தியதரைக் கடலில் நின்றன. ஆனால் 1936ஆம் ஆண்டு மோன்ட்ரோ உடன்படிக்கையின்படி துருக்கி, அங்கிருந்து கருங்கடலுக்குள் வரும் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியிருந்தது.

அதற்காக, மூழ்கடிப்பதெல்லாம் சீ டினையல் ஆகிவிடாது. ஃபாக்லாந்துத் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில் 1982 மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று அர்ஜென்டினப் போர்க்கப்பலான பெல்கிரானோவை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதன்பின் அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பல் உட்பட முக்கியக் கப்பல்கள் தாய்க்கரையோரம் ஒதுங்கிவிட்டன. இரண்டே நாளில் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஷெஃபீல்டை அர்ஜென்டினாவின் எக்சோசெட் ஏவுகணை தாக்கியது, பிறகு அதுவும் மூழ்கியது. ஆனால் பிரிட்டிஷ் படை பின்வாங்கவில்லை. மே 21 அன்று அத்தீவுகளின் சான் கார்லோசில் தரையிறங்கியது. மிச்சமிருக்கும் கப்பல்கள் மறுநாள் எங்கே நிற்கின்றன? கப்பல் இழப்பின் ராணுவ முக்கியத்துவம் அதில்தான் இருக்கிறது. நாம் ஆக்கும் சொல்லும் அதைத்தான் சுட்ட வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘கடல்மறிப்பு’. வழிமறித்தல், மறியல் எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள். சாலையை மறிப்பவருக்கு வண்டி வேண்டியதில்லை. போகிறவரைப் போகவிடாமல் செய்தால் போதும். ‘கடல்மறுப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதில் யார் எதை மறுக்கிறார் என்பது தெளிவாக இல்லை.

வரையறையை இப்படி வைக்கலாம்: ஒரு கடற்பரப்பைத் தான் ஆளாமலேயே, எதிரி அதைத் துணிந்து பயன்படுத்த முடியாதபடி செய்தல். இதன் இணைச்சொல்லான ‘சீ கண்ட்ரோல்’ (கடற்பரப்பைத் தானே ஆளுதல்) என்பதற்குக் ‘கடலாளுமை’ பொருந்தும் என நினைக்கிறேன். ‘கரை ஏவுகணைகளால் கடலை மறித்தார்கள்’ என்று வினையாகவும் எழுத வருகிறது. ‘ஏரியா டினையல்’ (ஒரு பரப்பை எதிரி பயன்படுத்த முடியாதபடி செய்தல்) வரும்போது ‘பரப்புமறிப்பு’ என்று நீட்டலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். அதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.