பியானோடெக்கா, கேரிட்டன் சிஎஃப்எக்ஸா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 88 கட்டை வெயிட்டட் கீபோர்டு (நிஜ பியானோ போலக் கனமான கட்டைகள் கொண்டது) இருக்கிறது. அதை லேப்டாப்பில் இணைத்து வாசிக்க ஒரு பியானோ மென்பொருள் வாங்க வேண்டும். பியானோடெக், கேரிட்டன் சிஎஃப்எக்ஸ் என்ற இரண்டில் எதை வாங்குவது என்று இரண்டு வாரமாக யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

கேரிட்டன் சிஎஃப்எக்ஸ், லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் யமஹா கான்சர்ட் கிராண்டைப் பதிவு செய்து உருவாக்கியது. மாதிரிப் பதிவுகளைக் கேட்டால், மெதுவாக அழுத்திய ஒரு ஸ்வரம் அடங்கும்போது அந்த அறையே காதுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் முழுப் பதிப்பு 100 ஜிபிக்கு மேல். என்னிடம் இருப்பதோ 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

பியானோடெக்கில் பதிவே கிடையாது. சுத்தியல் தந்தியில் பட்டு, பலகை அதிர்வதைக் கணக்குப் போட்டு அந்த நொடியிலேயே ஒலியை உண்டாக்குகிறது. அதனால் மிகச் சிறிய மென்பொருள். டெமோவில் சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றுவிடும். அப்படியும் மூன்று தடவை திறந்து வாசித்தேன். பெடலைப் பாதி தூக்கும்போது ஒலி மெல்ல மங்குவது அவ்வளவு அழகு!

நான் இரவில், குழந்தை தூங்கிய பிறகு, ஹெட்போனில்தான் வாசிப்பேன். தனி வாசிப்பு மட்டும்தான், ரெக்கார்டிங் இல்லை.

சிஎஃப்எக்ஸை வெளி எஸ்எஸ்டியில் வைத்து 8 ஜிபி ராமில் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? பஃபரை (கணினி ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பும் அளவு; குறைத்தால் தாமதம் குறையும்) 128 வைத்தால் ஒலியில் படபடவென்று வெடிப்புச் சத்தம் வருகிறதா? அப்புறம், பியானோடெக்கில் அடிப்படையான ஸ்டேஜ் பதிப்பே போதுமா, இல்லை ஒலியை அதிகமாக மாற்றியமைக்க விடும் ஸ்டாண்டர்டு தேவைப்படுமா? மாதக்கணக்கில் வாசித்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.