ஏழு வயது மகளுக்கு ஸ்மார்ட் வாட்ச்: வாங்கலாமா, வேண்டாமா?

மலர்விழி:
மகள் அடுத்த மாதத்திலிருந்து நடன வகுப்பு முடிந்து தனியாக நடந்து வரப்போகிறாள். கைப்பேசி கொடுப்பதில்லை என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. என்னிடம் பேச முடிய வேண்டும், எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும், அவசரத்துக்கு அழுத்த ஒரு பொத்தான் வேண்டும். விளையாட்டும் கேமராவும் தேவையில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

கறார் தாத்தா:
வாங்காதே அம்மா. கடிகாரம் காப்பாற்றும் என்ற தைரியத்தில் அம்மாவின் எண்ணைக்கூடக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சார்ஜ் தீர்ந்தால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் வளையல். அதோடு, 2017 நவம்பரில் ஜெர்மனி இந்தக் குழந்தைக் கடிகாரங்களையே தடைசெய்தது. கையில் இருப்பதை அழித்துவிடும்படி பெற்றோரையும் கேட்டுக்கொண்டது. காரணமில்லாமலா?

அலைவரிசை:
தாத்தா, ஜெர்மனி தடைசெய்தது எல்லாக் கடிகாரங்களையும் அல்ல, ஒட்டுக்கேட்கும் வசதி உள்ளவற்றை. குழந்தைக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாமலே பெற்றோர் மைக்கைத் திறந்து கேட்கலாம். வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக்கூடச் சிலர் அப்படிக் கேட்டார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அந்த வாட்சை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

மலர்விழி, தொலைத்தொடர்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் வாட்ச் எந்தத் தலைமுறை செல்பேசி வலையமைப்பில் (2ஜி, 3ஜி, 4ஜி) வேலை செய்கிறது என்று பாருங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி கோபுரங்களை மூடிவிட்டார்கள், மற்ற இடங்களிலும் மூடிக்கொண்டு வருகிறார்கள். 4ஜியிலேயே குரல் அழைப்பு போகாத வாட்ச் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடுத்து, நீங்கள் பதிந்த எண்களிலிருந்து மட்டுமே அழைப்பு வர வேண்டும். வரைபடம் எனக்கு மூன்றாவதுதான். திறந்த வெளியில் ஜிபிஎஸ் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும். கட்டடத்துக்குள் போனால் வைஃபையையும் செல்பேசிக் கோபுரத்தையும் வைத்து ஊகிக்கும். கோபுரம் மட்டும் என்றால் பிழை கிலோமீட்டர் கணக்கில்கூடப் போகும். குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்க, புள்ளி அடுத்த தெருவில் நிற்கும்.

ஆதிரை:
ஆசிரியை நான். பாடவேளையில் திரையையும் ஒலியையும் அடைக்கும் வகுப்பு முறை இருந்தால்தான் என் வகுப்புக்குள் வாட்ச் வரலாம். உண்மையில் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் தொல்லை. கணக்குப் பாடத்துக்கு நடுவே "சாப்பிட்டாயா?" என்று மணிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

கறார் தாத்தா:
நானும் அதைத்தான் சொல்கிறேன். குழந்தைக்குக் கட்டும் கயிறு அல்ல இது, பெற்றோரின் பதற்றத்துக்குப் போடும் தீனி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி நகர்ந்தால் என்ன, நகராவிட்டால் என்ன?

அலைவரிசை:
கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் குழந்தை பத்து நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் போய்விடும். "எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை" என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த எச்சரிக்கை அவ்வளவு தாமதமாகவும் வரலாம். நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி வைத்தால் மாலைக்குள் பேட்டரி படுத்துவிடும். ஆகவே நடந்து வரும் நேரத்துக்கு மட்டும் இடைவெளியைக் குறைத்துவைக்கலாம், செயலி அனுமதித்தால். எதுவானாலும் இரவில் சார்ஜ் போடுவது பெரியவர் வேலை.

அவசரப் பொத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் சோதிப்பதில்லை. பெரும்பாலும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பதிந்த எண்களை வாட்ச் வரிசையாக அழைக்கும். முதல் எண் எடுக்காவிட்டால் அடுத்தது. முதல் எண்ணில் வாய்ஸ்மெயில் இருந்தால்? பதிவுக்குரல் பேசத் தொடங்கியதும், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி வாட்ச் அங்கேயே நின்றுவிடலாம். குழந்தை "அம்மா, அம்மா" என்று இயந்திரத்திடம் அழுதுகொண்டிருக்கும். வாய்ஸ்மெயிலை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே அழுத்திப் பழக்குங்கள். பொத்தான் கெட்டியாக இருந்தால் சின்ன விரல் வழுக்கும், மெத்தென்று இருந்தால் மணிக்கட்டை மடக்கும்போதே அழைப்பு போகும். மகளைக் கூட்டிப்போய்க் கையில் கட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

மலர்விழி:
வாய்ஸ்மெயில் விஷயம் சத்தியமாகத் தோன்றவே இல்லை. தகவல் திருட்டு என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

கறார் தாத்தா:
2017 அக்டோபரிலேயே நார்வே நுகர்வோர் மன்றம் சில வாட்ச்களைச் சோதித்துச் சொன்னது. அந்நியன் ஒருவன் குழந்தை இருக்குமிடத்தைப் பார்க்கவும் அதோடு பேசவும் சிலவற்றில் ஓட்டை இருந்தது. எதைக் கட்டி அனுப்புகிறோம் என்று யோசி அம்மா.

அலைவரிசை:
அந்தப் பயம் நியாயமானது, மறுக்கவில்லை. பெட்டியோடு வரும் கடவுச்சொல் 123456 என்றிருந்தால் அன்றே மாற்ற வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் நிறுவனமா என்று பாருங்கள். சர்வரை மூடிவிட்டால் வாட்சும் செத்துப்போகும். செயலியில் குழந்தையின் முழுப்பெயரும் படமும் கட்டாயமில்லை, செல்லப்பெயர் போதும்.

ஆதிரை:
இருக்குமிடம் உங்களுக்குத் தெரியும் என்பதைப் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால், தெரிந்துகொண்ட நாளில் வாட்ச் தோழியின் பைக்குள் போய்விடும்.

கறார் தாத்தா:
இத்தனை நிபந்தனையோடு வாங்குவதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து நடந்து வரச் சொல்லலாம். வாங்கியே தீருவேன் என்றால், முதலில் உன் எண்ணை மனப்பாடம் செய்ய வை.

மலர்விழி:
பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தாத்தா. கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் இன்னும் மாற்றிப் பாடுகிறாள்.