கார்ட்டர் பாம்பு வளர்க்க என்ன வேண்டும்?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறோம். பன்னிரண்டு வயது மகளுக்குக் கார்ட்டர் பாம்பு (இங்கே சாதாரணமாகத் திரியும், மனிதருக்கு ஆபத்தில்லாத சின்னப் பாம்பு) வளர்க்க ஆசை. தோட்டத்திலேயே அடிக்கடி வருகிறது, அதையே பிடித்து வைக்கலாமா? என்ன சாப்பிடும்?

பதில் 1: தோட்டத்துப் பாம்பை விட்டுவிடுங்கள் அக்கா. காட்டுப் பாம்புக்குள் ஒட்டுண்ணி இருக்கும், அடைத்தால் பயந்து சாப்பிடாமலும் கிடக்கும். வளர்ப்பில் பிறந்த குட்டியாக வாங்குங்கள். தொட்டி மூடிக்குக் கட்டாயம் க்ளிப் போடுங்கள், சின்ன இடுக்கு போதும், நழுவிவிடும். ஒரு பக்கம் 30 டிகிரி வரை சூடு, மறுபக்கம் 23 போல, ஒளிந்துகொள்ள இடம், உடம்பு முழுக்க முங்கும் அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம்.

பதில் 2: சாப்பாடுதான் முக்கியம். நைட்கிராலர் என்ற பெரிய மண்புழு கொடுக்கலாம், ஆனால் உரக்குழியில் விடும் ரெட் விக்ளர் புழு வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. மீனில் தங்கமீனைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதையே தொடர்ந்து தின்ற பாம்புக்கு வலிப்பு வந்து செத்தே போகலாம். சால்மன், ட்ரவுட், திலாப்பியா நல்லது. உறையவைத்த எலிக்குஞ்சுக்கு மெல்லப் பழக்கினால் சத்துக் குறை பெரும்பாலும் வராது, உருக்கி வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள்.

பதில் 3: புதிதில் கையில் எடுத்தால் நாற்றமான திரவத்தைப் பீய்ச்சும், மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். வந்த முதல் வாரம் தொடவே வேண்டாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அப்புறம், இது பகலில் சுறுசுறுப்பாகத் திரியும் பாம்பு, பிள்ளைகளுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!