ஐ20 என் லைனுக்கு மட்ஃபிளாப் போடலாமா?

பூந்தமல்லி_பைபாஸ்:

வணக்கம். வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன், 6 கியர் மேனுவல், வெள்ளை. டயர் கம்பெனி கொடுத்த அதே 195/55 ஆர்16. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தினசரி ஓட்டம். ரோட்டு வேலை நடக்கிற இடங்களில் லூஸ் ஜல்லி, ஓரமெல்லாம் மணல், முன்னாலும் பக்கத்திலும் லாரி.

முன் சக்கரத்துக்குப் பின்னாடி, கதவுக்குக் கீழே உள்ள சில் பேனலில் கடுகு அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்த புள்ளிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. பின் சக்கர ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) முன் விளிம்பிலும் இரண்டு மூன்று இருக்கின்றன. மட்ஃபிளாப் (டயருக்குப் பின்னால் தொங்கவிடும் சேறு, கல் தடுப்புப் பட்டை) போட்டால் இது நிற்குமா? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப் கொஞ்சம் செங்குத்து, அங்கே உரசுமா? சாதாரண ஐ20க்கு வரும் செட் இதற்குப் பொருந்துமா? ஆக்சஸரி கடையில் ஓட்டை போட்டு மாட்டிவிடலாம் என்கிறார்கள். புது வண்டியில் ஓட்டை போட மனசு வரவில்லை. டபுள் சைடு டேப்பில் ஒட்டுகிற மாடலும் இருக்கிறதாம். எது சரி?

---

டிங்கரிங்_கோவை:

முன்னாடி இரண்டையும் கட்டாயம் போடுங்கள். உங்கள் புள்ளிகள் எல்லாமே முன் டயர் எறிந்த கல்தான், பின் ஆர்ச்சின் முன் விளிம்பில் இருப்பவையும் சேர்த்து. முன் டயர் தூக்கிப்போடும் கல் சில் ஓரமாகவே பறந்து போய் அங்கே முட்டும். ஸ்டீயரிங் திருப்பியிருக்கும்போது டயரின் பின்பக்கம் பாடியை விட்டு வெளியே வரும். அதனால்தான் யூ டர்ன், ரவுண்டானா பக்கமெல்லாம் ஜல்லி கிடந்தால் சேதம் அதிகம்.

எவ்வளவு இறக்கம் வேண்டும் என்பதை ஒரு நூலை வைத்தே பார்த்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தின் பின் விளிம்பில் நூலின் ஒரு நுனியை வையுங்கள். மறு நுனியை அடிபட்ட புள்ளிக்கு இழுத்துப் பிடியுங்கள். ஃபிளாப்பின் கீழ் விளிம்பு அந்த நூலை மறித்தால்தான் அந்தப் புள்ளி தப்பும். பின்னால் போகப்போக நூல் தாழும். கடைசிப் புள்ளி வரை காப்பாற்ற நினைத்தால் ஃபிளாப் தரையைத் தேய்க்கிற அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும், அது வேண்டாம். டயருக்குப் பின்னால் முதல் ஒரு சாண் தூரத்தில்தான் அடி கனமாக விழும். அதை மறைத்தால் போதும். சில் மட்டத்துக்குக் கீழே 40 முதல் 50 மிமீ இறக்கம், அகலத்தில் டயரின் வெளி விளிம்பைத் தாண்டி 5 முதல் 10 மிமீ. இந்த அளவில் போடுங்கள்.

ராம்ப்பிலும் வேகத்தடையிலும் முன்னோக்கிப் போகும்போது பயமில்லை. ஃபிளாப் டயருக்குப் பின்னால் இருப்பதால் பின்பக்கம் மடங்கி விடுபட்டுவிடும். சேதம் ரிவர்ஸில்தான் நடக்கும். பார்க்கிங் கட்டையையோ பிளாட்ஃபார விளிம்பையோ ஏறி நின்ற வண்டியைப் பின்னால் எடுத்தால் ஃபிளாப் முன்பக்கம் மடங்கும், டயருக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கும். டயர் அதன் மேல் ஏறி இழுத்ததும் ஸ்க்ரூவோடு லைனர் (ஆர்ச்சின் உள்பக்க பிளாஸ்டிக் உறை) கிழியும், சில சமயம் ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் பாடித் தகடு) கீழ் மடிப்பும் வளையும். இறக்கம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் (சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பு) வழிகாட்டுதலின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உயரம், வட்டமான மேடாக இருக்க வேண்டும். தெருவில் நாம் ஏறுவது அதில் பாதி அகலம்கூட இல்லாத கூர்மையான கட்டை. அதனால் ஆள் ஏறாத நிலையில் ஃபிளாப்பின் நுனிக்கும் தரைக்கும் 120 மிமீக்குக் குறையாமல் விடுங்கள். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏற்றினால் வண்டி இன்னும் இறங்கும்.

---

ஜல்லி_ரோடு:

மெட்டீரியல் பற்றி யாரும் சொல்லவில்லை, பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. கம்பெனி ஆக்சஸரியாக வருவது அச்சில் வார்த்த கெட்டி பிளாஸ்டிக். பாடியின் வளைவோடு ஒட்டி உட்காரும், பார்க்க அழகு. ஆனால் மடங்காது. கட்டையில் மோதினால் உடையும், அல்லது ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டு வரும். மலிவான பிவிசி ஷீட் நம் வெயிலில் காய்ந்து விறைத்து, ஓரம் சுருண்டுவிடும். ரப்பர் நல்லது, ஆனால் கனம், வேகத்தில் உதறும். உங்கள் மாதிரி ரோட்டுக்கு 3 அல்லது 4 மிமீ தடிமன் பாலியூரித்தேன் ஷீட்தான் என் தேர்வு. மடங்கித் திரும்பவும் நேராகும். எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிகளிலும் ராலி கார் மட்ஃபிளாப் வளையக்கூடிய பொருளாக, குறைந்தது 4 மிமீ தடிமனில் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. தரையிலிருந்து 10 செமீக்கு மேல் தூக்கலாகவும் இருக்கக் கூடாது. அந்த 10 செமீ ராலி காருக்கு. தினசரி வண்டிக்கு அதைக் காப்பி அடித்து, கலர் கலராகப் பெரிய ஷீட்டைத் தொங்கவிட வேண்டாம்.

என் லைனில் சில் ஓரமாகச் சிவப்புக் கோடு போட்ட கார்னிஷ் (அலங்காரப் பட்டை) தனியாக வருகிறது. சாதாரண ஐ20 செட் அதில் இடிக்குமா என்று படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட்ஸ் கவுன்டரில் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் ஸ்க்ரூ இல்லாமல் வெறுமனே வைத்துப் பாருங்கள். கார்னிஷுக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே 2 மிமீ இடைவெளியாவது வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் ஓடும்போது ஒன்றை ஒன்று அரைத்துவிடும்.

டேப் வேண்டவே வேண்டாம். வீல் ஆர்ச்சுக்குள் தண்ணீர், சேறு, சூடு, அதிர்வு நாலும் சேர்ந்து அடிக்கும். டேப்பின் ஒரு மூலை விட்டதும் அந்த இடுக்கில் மண் போய் உட்காரும். ஃபிளாப் ஆட ஆட அந்த மண்ணே உப்புத்தாளாகி பெயிண்டைத் தேய்த்து இரும்பு வரை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

---

டிங்கரிங்_கோவை:

டேப் விஷயத்தில் மேலே சொன்னது முழுக்கச் சரி. ஸ்க்ரூ போட்டாலும் அதே தேய்மானம் வரும், கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். அதனால் மாட்டும் முறையை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆர்ச்சின் உள்பக்கம், ஃபெண்டரின் கீழ் மூலை இரண்டையும் பிரஷ் போட்டுக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். ஃபிளாப் பாடியைத் தொடும் கோடு முழுக்க 20 மிமீ அகலத்தில் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்) பட்டை ஒட்டுங்கள். கார் டீட்டெய்லிங் கடையில் வெட்டிப் போட்ட துண்டு கேட்டாலே கிடைக்கும். இதைத் தவிர்த்தால் கல்லடியைத் தடுத்துவிட்டு துருவை வரவழைத்த மாதிரி ஆகிவிடும்.

முன்பக்கத்துக்கு டயரைக் கழற்ற வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் ஒடித்தால் கை போகும். லைனரைப் பிடித்திருக்கும் பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றி அதே துளைகளில் ஃபிளாப்பை வையுங்கள். இங்கேதான் நிறைய இடத்தில் கோட்டை விடுகிறார்கள். நடுவில் 4 மிமீ ஷீட் வந்துவிட்டதால் பழைய ஸ்க்ரூ இரண்டு மரைதான் பிடிக்கும், கொஞ்ச நாளில் கழன்று விழும். அதே தடிமனில் 5 மிமீ கூடுதல் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள், தலைக்கடியில் அகல வாஷர் போடுங்கள். ஒரு ஃபிளாப்புக்குக் குறைந்தது மூன்று பிடி வேண்டும். துளை இரண்டுதான் இருக்கிறது என்றால் மூன்றாவதை பிளாஸ்டிக் லைனரில் மட்டும் போட்டு, பின்னால் யூ கிளிப் கொடுத்து முடுக்குங்கள்.

இரும்பில் டிரில் வைக்க விடாதீர்கள். ஃபெண்டர் மடிப்பில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் பெயிண்ட் இல்லாத விளிம்பு. பிற்பாடு துரு வாரண்டி கேட்டுப் போனால் அந்த ஓட்டையைத்தான் முதலில் காட்டுவார்கள். பின்பக்கம் இன்னும் கவனம் தேவை. பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் லைனருக்குப் பின்னால் பெட்ரோல் குழாய் இறங்குகிறது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு டிரில் ஓட்டினால் ஆபத்து.

எல்லா ஸ்க்ரூவையும் கையால் பாதி முடுக்கி, ஃபிளாப் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகு முழுசாக முடுக்குங்கள். ஏர் கன் வேண்டாம், பிளாஸ்டிக் மரை வழிந்துவிடும். சில்லின் அடிமடிப்பில் சின்னச் சின்னத் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், ஃபிளாப்போ சீலன்ட்டோ அவற்றை அடைக்கக் கூடாது. கடைசியாக ஸ்டீயரிங்கை இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை திருப்பி, டயருக்கும் ஃபிளாப்புக்கும் இடைவெளி பாருங்கள். நெருக்கமான இடத்திலும் 15 மிமீ வேண்டும்.

பின்பக்கம் கை நுழையாது. டயரைக் கழற்றினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது வீல் நட் டார்க் (முடுக்கும் முறுக்குவிசை) 107 முதல் 127 நியூட்டன் மீட்டர்.

---

ஈசிஆர்_காற்று:

மாற்றுக் கருத்து. வண்டியின் தோற்றம் முக்கியம் என்றால் ஃபிளாப் இல்லாமல் பிபிஎஃப் மட்டும் போதும். சில் பேனல் முழு நீளம், முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, பின் ஆர்ச்சின் முன் விளிம்பில் ஒரு கையகலப் பட்டை. 200 மைக்ரான் ஃபிலிம் மணலையும் பொடிக்கல்லையும் தாங்கும். ராம்ப், பார்க்கிங் கட்டை பற்றிய கவலையே இல்லை.

ஆனால் ஏற்கெனவே பெயர்ந்த புள்ளிகள் மேல் அப்படியே ஒட்டாதீர்கள். உள்ளே ஈரம் சிக்கி, வெள்ளை வண்டியில் பழுப்பு வளையம் தெரியும். முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, இரும்பு தெரியும் புள்ளிகளுக்குப் பிரைமர் தொட்டு, டச் அப் பெயிண்ட், அதன் மேல் கிளியர் கோட். குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, பிறகு ஃபிலிம்.

---

ஜல்லி_ரோடு:

ஈசிஆர் மாதிரி வழவழ ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இவர் ரோட்டில் லாரியிலிருந்து உதிர்வது 20 மிமீ ஜல்லி. அதன் அடி ஃபிலிமைக் கிழிக்காவிட்டாலும் அடியில் தகரம் குழியும். குழியை எந்த ஃபிலிமும் தடுக்காது. கல் வருவதையே நிறுத்த வேண்டும், அதற்கு ஃபிளாப். தப்பி வரும் பொடிக்கு ஃபிலிம். இரண்டும் போடுவதுதான் நல்லது.

இன்னொன்று. பின் ஃபிளாப்பால் நம் வண்டிக்குப் பெரிய லாபமில்லை என்பது உண்மை. பம்பரின் கீழ் மூலை கொஞ்சம் சுத்தமாக இருக்கும். ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடியில் படியும் அழுக்கு, வண்டி ஓடும்போது பின்னால் உண்டாகும் காற்றுச் சுழல் இழுத்துக்கொண்டு வருவது, ஃபிளாப் போட்டாலும் முழுசாக நிற்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பின் டயர் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகப் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில்தான் போகிறது. ஹெல்மெட் கண்ணாடி மூடி, அவருக்கு இரண்டு நொடி ரோடே தெரியாது. சின்னதாக இருந்தாலும் பின்னாடியும் போடுங்கள். நான்கு ஃபிளாப் சேர்த்துப் போட்டாலும் மைலேஜில் வித்தியாசம் தெரியாது.

---

பூந்தமல்லி_பைபாஸ்:

எல்லாருக்கும் நன்றி. நூல் வைத்துப் பார்த்ததில் 45 மிமீ இறக்கம் சரியாக வருகிறது, தரைக்கு 130 மிமீ மிச்சம். அடுத்த டயர் மாற்றும்போது 205/55 ஆர்16 போடும் எண்ணம் இருக்கிறது. ஃபிளாப்பை அதற்குத் தகுந்தாற்போல் இப்போதே போடலாமா? மாட்டிய பிறகு பராமரிப்பு என்ன?

---

டிங்கரிங்_கோவை:

205/55 போட்டால் (முதல் எண் மிமீயில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அதில் எத்தனை சதவீதம் என்பது) டயர் ஒவ்வொரு பக்கமும் 5 மிமீ அகலும், ஆரம் 5.5 மிமீ கூடும். அதாவது ஃபிளாப் பக்கம் 5.5 மிமீ நெருங்கி வரும். இப்போது 15 மிமீ இடைவெளி வைத்தால் அப்போது 10க்குக் கீழே போய்விடும், அதனால் இப்போதே 22 மிமீ விட்டு மாட்டுங்கள். அகலத்தையும் 10 மிமீ கூட்டியே வெட்டுங்கள். ஸ்பேசரோ (வீலை வெளியே தள்ள நடுவில் வைக்கும் தட்டு) ஆஃப்செட் குறைந்த அலாய் வீலோ போட்டால் டயர் இன்னும் வெளியே வரும், இந்தக் கணக்கு செல்லாது, திரும்ப அளக்க வேண்டும். டயர் மாற்றியதும் பின் சீட்டில் ஆள் உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, ராம்ப்பில் மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்த கறுப்புத் தடம் லைனரிலோ ஃபிளாப்பிலோ விழுந்தால் அங்கே இடம் போதவில்லை.

மாட்டி 500 கிமீ ஓடியதும் ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்குங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஃபிளாப்புக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஹோஸ் தண்ணீர் விட்டு, தேங்கிய மண்ணையும் இலையையும் வெளியேற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது நாஸிலை ஃபிலிமின் ஓரத்துக்குக் கிட்டே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஓரம் தூக்கிக்கொள்ளும். மழை சீசன் முடிந்ததும், தை வாக்கில், முன் ஃபிளாப் இரண்டையும் கழற்றி அடியில் உள்ள பிபிஎஃப் பட்டையைப் பாருங்கள். பட்டை வெளுத்தோ தேய்ந்தோ இருந்தால் உரித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள்.