கங்கும் மூட்டமும்: கிரில், பார்பிக்யூ இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இடையில் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மதுரை செல்லூரில் என் மச்சான் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். எண்ணெய் டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கீலும் காலும் வைத்து, மொட்டைமாடியில் கறி சுடுகிற கரி அடுப்பு செய்து விற்கிறார். அதோடு கொடுக்க நாலு பக்கக் கையேடு தமிழில் வேண்டும் என்றார். மாதிரிக்கு அவர் தந்த ஆங்கிலக் கையேட்டில் பாதிக்கு மேல், இலையுதிர் காலத்தில் வெட்டவெளியில் கறி சுடுவதைப் பற்றித்தான். அங்கேதான் நான் முட்டிக்கொண்டு நின்றேன்: கிரில், பார்பிக்யூ இரண்டுக்கும் தமிழில் என்ன எழுதுவது? இதைத்தான் போன வாரம் உங்களிடம் கேட்டேன்.

'கிரில் என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும்' என்று எழுதிய நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் அது வேறு மாதிரிப் புரியும். இங்கே 'கிரில் பட்டறை' என்றால் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற இடம். என் மச்சானே பத்து வருஷம் அந்த வேலைதான் பார்த்தார். சாப்பாட்டுக் கடையில் 'கிரில் சிக்கன்' என்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் குத்திய முழுக்கோழி சுற்றிச் சுற்றி வேகும். 'பார்பிக்யூ' என்று பலகை மாட்டிய கடையிலோ கரி நெருப்புக்கு மேலே கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள். கையேட்டின் கணக்கில் இதுதான் கிரில். இப்படி இரண்டு சொல்லும் இடம் மாறிக் கிடக்கும்போது, அப்படியே எடுத்து எழுதினால் அடுப்பை வாங்கியவர் கறியைக் கருக்கிவிடுவார்.

வேறுபாடு இதுதான். கிரில் என்பது நெருப்புக்கு நேர் மேலே வைத்து, 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், சில நிமிஷங்களில் சுட்டு எடுப்பது. பார்பிக்யூ என்றால், அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்தச் சொல்லை ஆளுகிற பொருளில், நெருப்பு ஒரு ஓரம், கறி மறு ஓரம், மேலே மூடி. உள்ளே 110 முதல் 120 டிகிரி இருந்தால் போதும். பெரிய மாட்டு நெஞ்சுக்கறி என்றால் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சவ்வு மெதுவாகக் கரைந்து கறி பஞ்சாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒன்று அவசரம், மற்றது பொறுமை. இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்பிக்யூ என்ற சொல் கரீபியன் தீவுகளின் தாயினோ மக்கள் குச்சிகளைக் கட்டிப் போட்ட பரணின் பெயரிலிருந்து, 'பார்பகோவா' என்று ஸ்பானிய மொழி வழியாக வந்தது. கிரில் லத்தீன் மொழியில் சின்னக் கம்பித்தட்டியைக் குறித்த சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டுமே கறியைத் தாங்குகிற சட்டத்தின் பெயர்தான். நாம் நெருப்பை வைத்துப் பெயர் சொன்னால் என்ன? எனக்கு வழி திறந்தது இந்த இடத்தில்தான். சட்டத்துக்குத் தனியாக நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: கிராதி. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து பழகிப்போன சொல், கிரில்லுக்கு ஒன்றுவிட்ட உறவும் கூட. 'அதுவும் அந்நியச் சொல்தானே' என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவைதான். கறி வைக்கிற கம்பித்தட்டுக்குக் கிராதி என்றே போட்டுவிட்டேன்.

சரி, நெருப்புக்கு வருவோம். 'வாட்டு' என்று நாலு பேர் எழுதியிருந்தீர்கள். அழகான வினைதான், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத் தலையும் காலும் வாங்கினால் வாட்டித்தான் தருவார்கள். கறுத்த காலை நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டி, முடி பொசுங்கும் நெடி கிளம்பக் கிளம்ப, கத்தியால் சரக் சரக் என்று சுரண்டுவதுதான் எங்களுக்கு வாட்டுவது. சோறு கட்டுவதற்கு வாழையிலையை அனலில் காட்டி மடங்க வைப்பதும் வாட்டுவதுதான். இரண்டிலுமே பொருள் வேகாது. 'வாட்டிய கோழி' என்று அச்சில் பார்த்தால், மயிர் பொசுக்கிய பச்சைக் கோழி என்றுதான் என் அம்மா நினைப்பார்.

'சுடு' சரியான வினை. சோளக்கதிரைச் சுடுகிறோம், கருவாட்டைச் சுடுகிறோம், அப்பளத்தைச் சுடுகிறோம். ஆனால் தோசையும் பணியாரமும் முறுக்கும்கூடச் சுடத்தான் செய்கிறோம். அதனால் எதில் சுட்டது என்று முன்னால் ஒரு சொல் வேண்டும். 'சூடு' என்று பெயர்ச்சொல்லாக வைக்கலாம் என்ற கருத்தும் வந்தது. புறநானூற்றில் அது சுட்ட இறைச்சியைக் குறிக்கிறது, உண்மைதான். ஆனால் இன்று சூடு என்றால் வெப்பம், இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடுகிற சூடு. 'சுடல்' என்று வைத்தாலோ சுடலை நினைவுக்கு வரும். சாப்பாட்டுக் கையேட்டில் அது வேண்டாம்.

பொருநராற்றுப்படையை எடுத்துக்காட்டியவருக்கு என் தனி நன்றி. 'காழில் சுட்ட கோழ்ஊன் கொழுங்குறை, ஊழின் ஊழின் வாய்வெய்து ஒற்றி' என்ற வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலையே பார்க்கவில்லை. கம்பியிலிருந்து உருவிய சூடான கறித்துண்டை வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றி ஆற வைக்கிற அந்தப் பொருநன், இப்போது என் மாடியில் நிற்கிறான் போலத் தோன்றியது. இரும்புக் கம்பிக்குக் 'காழ்' என்ற சொல்லை மீட்கலாம் என்ற அவருடைய ஆசையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எங்கள் பக்கம் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். 'காழில் சுட்டது' என்று வாசித்துக் காட்டினால், பட்டறைப் பையன்கள் ஆட்டுக்கால் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று பேரிடம் வாசித்துப் பார்த்தேன், மூன்று பேரும் அப்படித்தான். மனசில்லாமல் 'கம்பி' என்று வைத்தேன்.

இப்போது என் பரிந்துரை. கிரில்லுக்குக் 'கங்கில் சுடுதல்'. தணல், கனல், அனல் என்று ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். எங்கள் வீடுகளில் புழங்குவது கங்கு. அனல் என்றால் முகத்தில் அடிக்கிற வெக்கை, கங்கு என்றால் இடுக்கியால் எடுக்கக்கூடிய பொருள். கையேட்டுக்கு வேண்டியது எடுக்கக்கூடியதுதான். அப்புறம், கரி எப்போது தயார் என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறார்கள். தீக்கொழுந்து அடங்க வேண்டுமாம், மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படர வேண்டுமாம். நம்மிடம் அதற்குப் பழமொழியே இருக்கிறது. 'கங்கு நீறு பூத்த பிறகு கறியை வையுங்கள்' என்று எழுதினேன். அந்தப் பத்தி முடிந்தது.

பார்பிக்யூவுக்கு 'மூட்டம்'. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் கரிமூட்டம் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் குவியலாக அடுக்கி, இலைதழை போட்டு மூடி, மேலே மண் பூசி, சின்னச் சின்னத் துளைகள் விட்டுத் தீ வைப்பார்கள். காற்றை அளந்து விட்டு நெருப்பை அடக்கி வைப்பதுதான் முழுத் தொழிலும். முதலில் வெள்ளை வெளேரென்று கனத்த புகை வரும், அது விறகில் உள்ள ஈரம். பிறகு புகை மெலிந்து நீலம் பாயும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் துளையை அடைப்பார்கள். இப்போது ஆங்கிலக் கையேட்டைப் பாருங்கள்: வெள்ளைப் புகை கறியைக் கசக்க வைக்கும், மெல்லிய நீலப் புகை வரும்வரை காத்திருங்கள், காற்றுத்துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். டெக்சாஸில் கறி வேக வைப்பவரும் கமுதியில் கரி எடுப்பவரும் பார்ப்பது ஒரே புகையைத்தான். வாழைத்தாரைப் புகை போட்டு அடைத்துப் பழுக்க வைப்பதையும் மூட்டம் போடுவது என்றுதான் சொல்கிறோம். மூடி, புகையோடு, பொறுமையாக என்ற மூன்று பொருளும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன.

'கரிமூட்டத்தில் விறகு கரியாகிவிடுகிறதே, கறியும் கரியாகிவிடும் என்று நினைக்க மாட்டார்களா' என்று கேட்டார் திருநெல்வேலி அக்கா. வாழைப்பழம் கரியாவதில்லையே அக்கா. 'மூட்டுக்கறி' என்று சுருக்கினால்தான் ஆபத்து, எலும்பு மூட்டாகிவிடும். மூட்டம் என்ற முழுச்சொல்லை விடாமல் 'மூட்டம் போட்ட கோழி', 'கங்கில் சுட்ட கோழி' என்று வினையோடு சொன்னால் குழப்பம் வராது. ஒற்றைப் பெயர்ச்சொல்லாக அடைத்தால்தான் கலைச்சொல் என்ற பழக்கத்தை நாம் விட வேண்டும். 'கங்குக்கறி' என்று நானும் முதலில் எழுதிப் பார்த்தேன். மதுரையில் கறி என்றால் ஆட்டுக்கறி. புரட்டாசியில் கறி தொடாத வீட்டில் பன்னீரையும் காளானையும் சுட்டால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

ஒரே அடுப்பு இரண்டு வேலையும் செய்யும். மூடி திறந்திருந்தால் கங்கு, மூடினால் மூட்டம். இப்படி மூடியோடு வந்த உருண்டை அடுப்பை 1952இல் செய்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். சிகாகோ பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர், கடல் மிதவை செய்கிற இரும்புக் கோளத்தைப் பாதியாக்கி அடுப்பாக்கினார். மச்சானிடம் இதைச் சொன்னபோது, தான் பிளந்து வைத்திருந்த டிரம்மைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார்.

அடுத்தது பருவம். 'இலையுதிர் காலம்' என்பது அந்த ஊர்களுக்குச் சரி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இலை பழுத்து உதிரும், குளிர்காற்று வீசும், கரி கூடுதலாகச் செலவாகும். இங்கே வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில். அவர்களுடைய இலையுதிர் காலத்தில் நமக்கு ஐப்பசி மழை. மதுரையில் மழை அதிகம் பெய்கிற மாதம் அக்டோபர். பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். சொல் செத்துவிடவில்லை, 'கூதலடிக்குது' என்று எங்கள் ஆச்சி தினமும் சொல்வார். அதனால் அந்தப் பகுதிக்குத் தலைப்பு 'மழையிலும் கூதலிலும்'. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடையில் வரிசை தெரு வரைக்கும் நிற்கும். அன்றைக்குத்தான் இந்த அடுப்பும் அதிகம் எரியும். மூட்டை நனைந்திருந்தால் கரி பிடிக்கவே நேரமாகும், படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். கரியைத் தகர டின்னில் மூடி வையுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய எழுத்தில் இன்னொன்று. இந்த அடுப்புக்குப் 'புகையில்லா அடுப்பு' என்று பெயர் வைக்கலாம் என்று வந்த யோசனையை நான் முழு மூச்சாக மறுக்கிறேன். கங்கு நீறு பூத்தபின் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் மனிதர் என்ன செய்வார்? புகைதான் இல்லையே என்று அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார், கூதலுக்கு இதமாகவும் இருக்கும். அந்தக் காற்றைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் தலை கனக்கும், பிறகு மயக்கம், பிறகு உயிரே போகும். நாம் வைக்கிற பெயரே அவரை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. 'நீறு பூத்த நெருப்பும் நஞ்சைக் கக்கும், வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள்' என்று எழுதியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாருக்காவது வரி தோன்றினால் உடனே அனுப்புங்கள்.

மூடியில் உள்ள ஓட்டைக்கு இப்போதைக்குக் 'காற்றுத்துளை' என்று வைத்திருக்கிறேன். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள், கரிமூட்டம் போடுகிறவர்களிடம் அந்தத் துளையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லையே போட்டுவிடலாம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து