கீலெஸ் மாட்டினால் மூன்றாம் கம்பி அறாதாம்!

பசுமலை ஸ்டீல்:
நம் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு குரல் பதிவு சுற்றியது. பெடல் ஸ்டீல் கித்தாரின் (படுக்கவைத்து, கம்பி மேல் எஃகுத் துண்டைச் சறுக்கி, காலால் பெடலை மிதித்துச் சுருதி மாற்றி வாசிப்பது) கீஹெட்டை, அதாவது சுருதி சேர்க்கும் கீகள் உள்ள தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, கம்பியைக் கவ்வியில் பிடித்துத் திருகால் சுருதி சேர்க்கும் கீலெஸ் பொருத்தினால் கம்பி நீளம் குறையுமாம், அதனால் இழுவிசை குறையுமாம், அப்புறம் மூன்றாம் கம்பி அறவே அறாதாம். சொன்னவர் லேத்து முனியாண்டி அண்ணன். அதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி நல்ல கித்தாரில் துளை போடக் கிளம்பிவிட்டான். அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன். இழுவிசை குறையாது. ஒலிக்கிற நீளம், கம்பியின் கனம், சுருதி, இவை மூன்றும்தான் அதை முடிவு செய்யும். நட்டுக்கு, அதாவது கீஹெட் பக்கம் ஒலிக்கிற நீளம் தொடங்கும் இடத்துக்கு, அந்தப் பக்கம் ஒரு அங்குலம் மிச்சம் இருந்தால் என்ன, ஒரு அடி இருந்தால் என்ன?

லேத்து முனியாண்டி:
அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே அடிப்பது பசுமலைக்காரருக்குப் புதிதில்லை. நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, பட்டறையில் கால் வைத்துப் பார்த்துச் சொன்னேன். மாற்றியதற்கு அப்புறம் பெடல் லேசாகிவிட்டது. இழுவிசை குறையாமல் எப்படி லேசாகும்? பதில் சொல்லுங்கள்.

பசுமலை ஸ்டீல்:
சொல்கிறேன். இ9 என்ற சுருதி அமைப்பில் மூன்றாம் கம்பி ஜி ஷார்ப், 415 ஹெர்ட்ஸ் சுற்றி. 24 அங்குலக் கித்தாரில் .011 அங்குலக் கனமுள்ள கம்பியை அந்தச் சுருதிக்கு ஏற்றினால் சுமார் பன்னிரண்டரை கிலோ இழுவை. பெடலை மிதித்து அரை சுரம் ஏற்றி ஏ ஆக்கினால் 14 கிலோ. கீ இருந்தாலும் இதே கணக்கு, இல்லாவிட்டாலும் இதே கணக்கு. மாறுவது ஒன்றே ஒன்று: சேஞ்சர், அதாவது பெடலை மிதிக்கும்போது மறுமுனையில் கம்பியை இழுக்கும் கருவி, கம்பியை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பது. நட்டுக்கு அப்பால் ஆறு அங்குலம் இருந்தால் அந்த அரை சுரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். ஒரு அங்குலம்தான் என்றால் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டி. பெடல் இறங்குகிற தூரம் குறைந்ததைத்தான் உங்கள் கால் லேசு என்று நினைத்துக்கொண்டது.

லேத்து முனியாண்டி:
என் காலுக்கு நினைக்கத் தெரியாது சார். லேசு என்றால் லேசுதான். இழுவிசை குறைகிறது.

கோவை ட்ரெமொலோ:
இரண்டு பேரும் அறுகிற இடத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் கம்பி பெரும்பாலும் அறுவது சேஞ்சரில் கம்பி உட்காரும் உலோக விரலின் முதுகில், கம்பி வளைகிற இடத்தில். ஒவ்வொரு மிதிக்கும் அங்கேதான் மடங்கி நிமிர்கிறது. விரலில் பள்ளம் விழுந்திருந்தால் கீஹெட்டைக் கழற்றிக் கடலில் போட்டாலும் அறும். விரலை நன்றாக மெருகேற்றுங்கள், போதும். வேலை சுத்தமாக வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு அனுப்புங்கள். மதுரையில் அந்த அளவு லேத் வேலை கிடைப்பது சிரமம்.

லேத்து முனியாண்டி:
வந்துவிட்டார் கோவையார்! இங்கே லேத்தே இல்லையா? நாங்கள் என்ன அரிவாள்மனையிலா கடைகிறோம்? பத்துக் கம்பியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அதைத் தாங்குகிற மாதிரி பித்தளையில் கடைந்து, திருகுக்கு எஃகு போட்டுப் பொருத்தியிருக்கிறேன். நேரில் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கோவை ட்ரெமொலோ:
பித்தளையா? சரி, சரி.

லேத்து முனியாண்டி:
அந்த "சரி, சரி"க்கு என்ன அர்த்தம்?

சிம்மக்கல் வீணை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வீணையிலும் இதே கூத்துதான். மரப் பிரடை மழைக்காலத்தில் ஊறி இறுகும், வெயிலில் சுருங்கி வழுக்கும். கித்தார் கீ மாதிரி பல்சக்கரம் வைத்த பிரடை போட்டால் சுருதி சேர்ப்பது சுலபம். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாதம் போச்சு என்று இன்றுவரை புலம்புகிறார்கள். உங்களுக்குக் கீ இருந்தும் வேண்டாம் என்கிறீர்கள், எங்களுக்குக் கீயே கிடைக்காமல் சண்டை.

பசுமலை ஸ்டீல்:
அம்மா, வீணையில் பெடல் கிடையாது. இங்கே பெடலை விட்டதும் கம்பி பழைய சுருதிக்கு ஒழுங்காகத் திரும்ப வேண்டும். நட்டுக்கு அப்பால் கம்பி நீளமாக இருந்தால் அந்தத் துண்டும் நட்டில் உள்ள ரோலர் என்ற உருளை மேல் ஊர்ந்துபோய் ஊர்ந்து வரும், உராய்வில் கொஞ்சம் மாட்டிக்கொள்ளும், சுருதி பிசிறும். கீலெஸ்ஸில் இது குறைவு. அதுதான் அதன் உண்மையான லாபம். நான் கீலெஸ்ஸுக்கு எதிரி இல்லை. கித்தாரும் நீளம் குறையும், ரயிலில் தூக்கிப்போகச் சௌகரியம். இழுவிசை குறையும் என்ற பொய்க்குத்தான் எதிரி.

லேத்து முனியாண்டி:
பொய்யா? யார் பொய் சொன்னது?

தெப்பக்குளம் தம்பி:
எனக்கு ஒரு ஆதங்கம். எல்லாரும் ஹவாய், அமெரிக்கா என்றே பேசுகிறோம். கம்பி மேல் சறுக்கி வாசிப்பதே இங்கிருந்து போனது இல்லையா? கேப்ரியல் டேவியன் என்று இந்தியாவில் பிறந்த ஒருவர்தான் ஹவாயில் முதலில் அப்படி வாசித்தார் என்று படித்தேன். நம்மிடம் கம்பி மேல் கட்டையைச் சறுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் இருக்கிறது. அவர்களுக்கு நாம் பாடம் எடுக்கலாம்.

பசுமலை ஸ்டீல்:
அப்படி ஒரு பேச்சு உண்டு, தம்பி. ஹவாய்க்காரர் ஜோசஃப் கெகூகூதான் ஆரம்பித்தார் என்பவர்களே அதிகம். எது எப்படியோ, கோட்டுவாத்தியத்தின் பெயரைச் சொல்லி மூன்றாம் கம்பியைக் காப்பாற்ற முடியாது. விஷயத்துக்கு வாருங்கள்.

மாற்றத் துடிக்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீலெஸ்ஸில் திருகு கொஞ்ச தூரம்தான் ஓடும். கம்பியைக் குறடால் நன்றாக இழுத்துப் பிடித்த பிறகே கவ்வியை இறுக்க வேண்டும். தொய்வாக விட்டால் சுருதி சேர்வதற்குள் திருகு முடிந்துபோகும். சில கித்தார்களில் ரோலர் நட்டு கீஹெட்டோடு சேர்ந்தே இருக்கும், அதைக் கழற்றினால் நட்டும் கையோடு வரும். அதே இடத்தில் திரும்ப வைக்காவிட்டால் கித்தாரின் ஒலிக்கிற நீளமே மாறிவிடும், சுர இடம் காட்ட மேலே வரைந்த ஃப்ரெட் கோடுகள் எல்லாம் பொய்யாகிவிடும். இழுவைத் தூரம் மாறுவதால் அடியில் பெடல் கம்பிகளின் முனையில் உள்ள நைலான் திருகு நட்டுகளைப் பெடல் பெடலாக மறுபடி சரிசெய்ய வேண்டும். குரல் பதிவில் இதில் ஒரு வார்த்தை உண்டா?

லேத்து முனியாண்டி:
இதெல்லாம் தெரியாமலா பட்டறை வைத்திருக்கிறேன்? கேட்டால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, பொதுவில் இழுத்துவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் கேரலுக்கு என்று என்னிடம் வாங்கிப்போன, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலையும் இப்படிப் பொதுவில்தான் கேட்க வேண்டுமா?

பசுமலை ஸ்டீல்:
அதில் பொட்டென்ஷியோமீட்டர் கரகரவென்று இருந்தது. மாற்றிக் கொடுக்கலாம் என்றுதான் வைத்திருக்கிறேன். அதற்கும் இழுவிசைக்கும் என்ன சம்பந்தம்?

லேத்து முனியாண்டி:
கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

கோவை ட்ரெமொலோ:
கழற்றிப்போட்ட கீஹெட் யாரிடமாவது விலைக்கு இருக்கிறதா? எனக்கு ஒன்று தேவை.

பசுமலை ஸ்டீல்:
முனியாண்டி அண்ணனிடம் கேளுங்கள். ஆனால் தரமாட்டார், திரும்ப மாட்டுவதற்கு அவருக்கே வேண்டியிருக்கும்.

லேத்து முனியாண்டி:
இருக்கிறது. கோவைக்குத் தருவதில்லை. பசுமலைக்கு வால்யூம் பெடல் வந்த பிறகு யோசிக்கலாம்.